பாட்டும் விளையாட்டுமாக ஆங்கிலம்: குமரி மாவட்டத்தில் சிறுபிள்ளைகளுக்கு வீட்டு வகுப்பு தொடங்குவது எப்படி?

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்திண்ணையில் மாலை வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் 22 பிள்ளைகள் வந்தார்கள். மூன்று மாதம் கழிந்தபோது ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். கைப்பேசியில் பாட்டைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். மூன்று வயதுப் பிள்ளையையும் ஏழு வயதுப் பிள்ளையையும் ஒரே பாயில் உட்கார வைத்தேன். கட்டணம் கேட்கக் கூடாத மாதத்தில் கேட்டேன். இலவசமாகக் கிடைக்கும் பதிவுக்குப் பணம் கொடுத்தேன். அடுத்த ஆண்டு இவை அத்தனையையும் மாற்றிய பிறகே வகுப்பு நிலைத்தது. பட்டப்படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள், பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள், ஊர் நூலகத்திலோ ஆலய வளாகத்திலோ பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறவர்கள் யாரும் என்னைப் போல ஓர் ஆண்டை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. வயதையும் எண்ணிக்கையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு பிரிவு. ஐந்து முதல் ஏழு வயது வரை மற்றொரு பிரிவு. இரண்டையும் கலக்காதீர்கள். பெரிய பிள்ளைகள் விடையை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், சின்னவர்கள் வாயைத் திறப்பதற்கே வேலை இருக்காது. ஒரு பிரிவுக்கு 10 பேர், மிஞ்சினால் 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒரு சுற்று விளையாட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு முறைகூடப் பேச வாய்ப்பு வராது.

நீங்கள் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியராக இருந்தால் இங்கேயே நின்று யோசியுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. அதேபோல், மாலையில் ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்பு வேறு. காலை முதல் மதியம் வரை பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மழலையர் பள்ளி வேறு. இரண்டாவதற்குப் பள்ளிக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். அதற்கென்று கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் தேவைப்படும். பெற்றோர் ஆசையாகக் கேட்கிறார்கள் என்பதற்காக வகுப்பு நேரத்தை நீட்டிக்கொண்டே போய், அறியாமலே மழலையர் பள்ளி நடத்தும் நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

2. இடம்

நம் ஊரில் பெரும்பாலான வீட்டு முற்றங்களில் கிணறு உண்டு. கைப்பிடிச் சுவர் இடுப்பளவு இருந்தாலும், ஏறி எட்டிப் பார்க்கும் வயதுப் பிள்ளைகள் வரப்போகிறார்கள். ஆகவே கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்ட பிறகே முதல் பிள்ளையைச் சேருங்கள். நான் வலை போட 2,800 ரூபாய் செலவழித்தேன்; என் வகுப்புக்காகச் செய்த செலவுகளில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

கூரையையும் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. தகரக் கூரையின் கீழ் மழை பிடித்துவிட்டால் பாட்டு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. தகரக் கூரைதான் கிடைக்கும் என்றால், மழை நாள்களுக்கென்று சத்தம் வேண்டாத விளையாட்டுகளை, அதாவது படம் பொருத்துதல், சைகை பார்த்துப் பொருளைத் தொடுதல் போன்றவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். நடுவில் நாற்காலி, மேசை எதுவும் வேண்டாம். பத்துப் பிள்ளைகள் கை நீட்டி வட்டமாக நிற்கிற அளவு தரை இருந்தால் போதும். தெருவாசலுக்குத் தாழ்ப்பாளும், பிள்ளைகள் தயங்காமல் போய்வரக்கூடிய கழிப்பறையும் கட்டாயம்.

3. ஆவணங்கள்

முதல் ஆவணம் நீங்களே தயாரிக்கும் சேர்க்கைப் படிவம். அதில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் இருவரின் கைப்பேசி எண்கள், வகுப்பு முடிந்து யார் அழைத்துப் போவார்கள் என்ற விவரம், வலிப்பு, இளைப்பு, உணவு ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்ற கேள்வி ஆகியவை இருக்கட்டும். அழைத்துப் போகிறவர் பெயர் படிவத்தில் இல்லையென்றால், அவர் தாய்மாமனே ஆனாலும் தாயிடம் கைப்பேசியில் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். பிள்ளையின் ஆதார் நகலை வாங்காதீர்கள்; உங்களுக்கு அது தேவையில்லை, பாதுகாக்கும் பொறுப்புதான் கூடும். புகைப்படமும் காணொளியும் எடுத்துப் பகிர்வதற்குப் பெற்றோரின் கையெழுத்தைத் தனியாகப் பெறுங்கள்.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவு செய்வது கட்டாயமல்ல. ஆனால் பிற்பாடு வங்கியில் சிறுகடன் கேட்கும்போது உதவும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசின் உதயம் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது, புதுப்பித்தலும் கிடையாது. இதே பெயர் வருமாறு அமைத்துப் பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு. நான் ஒரு கணினி மையத்தில் 1,500 ரூபாய் கொடுத்துத்தான் இந்த இலவசப் பதிவைப் பெற்றேன், நீங்கள் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பற்றிக் கவலைப்பட வேண்டாம். சேவைகளுக்கு அது ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான்.

வாடகை இடம் என்றால், வகுப்பு நடத்தப் போகிறீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். உதவிக்கு ஒருவரை வைத்தால், தமிழ்நாடு காவல் துறையின் இணையதளம் வழியே காவல் சரிபார்ப்புச் சான்று வாங்கச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் சுவரில் எழுதி வையுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. பிள்ளைகளோடு பழகத் தொடங்கும் எவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலம் கற்பிக்கும் இணையச் சான்றிதழ்ப் படிப்புகளுக்கு 15,000, 20,000 ரூபாய் கட்டச் சொல்லி விளம்பரங்கள் வரும். வீட்டு வகுப்புக்கு அது வேண்டாம். என்னிடம் எந்தப் பெற்றோரும் அதைக் கேட்டதில்லை. தங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன சொன்னது என்பதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

4. செலவும் கட்டணமும்

கிணற்று வலை நீங்கலாக என் தொடக்கச் செலவு 3,400 ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு பெரிய கோரைப்பாய், நான்கு மென்பந்து, வண்ணச் சுண்ணக்கட்டி, அட்டைகள், ஒரு சிறிய மேளம், ஒரு கூடை, முதலுதவிப் பெட்டி, இவ்வளவுதான். ஒலிபெருக்கி வாங்காதீர்கள், காரணத்தைப் பாட்டுப் பகுதியில் சொல்கிறேன். அச்சிட்ட பட அட்டைகளுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். மரச்சீனி, சிரட்டை, சிப்பி, மட்டிப்பழம், ஏத்தங்காய், ரப்பர் கொட்டை என்று பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள்கள் நம் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன. ரப்பர் கொட்டையை எண்ணவும் அடுக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள். சின்னவர்கள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தின்னக்கூடியது அல்ல.

நான் மாதம் 300 ரூபாய் வாங்குகிறேன்; இரண்டாவது பிள்ளைக்கு 200. தொகையைவிட, அதைக் கேட்கும் மாதம் முக்கியம். குளச்சல் பக்கத்து மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாள்களில் படகுத் தொழிலாளர் வீட்டில் கையில் காசு இருக்காது. மலையோரத்தில் மழை வலுத்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகும். நான் முதல் ஆண்டு ஜூன் மாதத்தில் சேர்க்கைக் கட்டணமும் மூன்று மாத முன்பணமும் கேட்டேன். பிள்ளைகள் நின்றுபோனதற்குப் பாதிக் காரணம் அதுதான். இப்போது முன்பணம் கிடையாது. தடைக்காலத்துக் கட்டணத்தை ஓணத்துக்குப் பிறகு இரண்டு தவணையாகக் கொடுக்கலாம் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுகிறேன். கட்டணத்துக்கு ரசீது எழுதிக் கொடுங்கள். பத்து ரூபாய் என்றாலும் எழுதுங்கள்.

5. தொடங்கும் காலமும் வகுப்பு நேரமும்

ஏப்ரல், மே விடுமுறையில் தொடங்குவது எளிது போலத் தோன்றும். ஆனால் பாதிப் பிள்ளைகள் அம்மச்சி வீட்டுக்குப் போயிருப்பார்கள். மீதிப் பாதியை ஆலயங்களின் விடுமுறை வேதாகமப் பள்ளி அழைத்துக்கொள்ளும். பள்ளி திறந்து இரண்டு, மூன்று வாரம் கழித்து, புதிய வகுப்புக்குப் பிள்ளை பழகியதும் தொடங்குவதே நல்லது. ஓணம், டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு கொடை, உங்கள் ஊர்த் திருவிழா ஆகிய நாள்களை ஆண்டின் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து, புதிய பாடத்தை அந்த வாரங்களில் வைக்காதீர்கள்.

பள்ளி முடிந்து வந்தவுடன் வகுப்புக்கு வரச் சொல்லாதீர்கள். முகம் கழுவி, ஏதாவது தின்றுவிட்டு 5 மணிக்கு வரட்டும். சின்னவர்களுக்கு 25 நிமிடம், பெரிய பிள்ளைகளுக்கு 40 நிமிடம், வாரம் மூன்று நாள். வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நடத்துவதைக் காட்டிலும் இது பன்மடங்கு பயன் தரும்.

6. முதல் மாதம்: கேட்டுச் செய்தல் மட்டும்

முதல் மாதத்தில் எந்தப் பிள்ளையையும் பேசச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லுங்கள்; அவர்கள் செய்யட்டும். ‘ஸ்டாண்ட் அப்’, ‘சிட் டவுன்’, ‘டச் யுவர் நோஸ்’, ‘ஜம்ப்’, ‘ஸ்டாப்’ என்று சொல்லி, முதலில் நீங்களே செய்து காட்டுங்கள். இரண்டாம் வாரத்தில் நீங்கள் செய்யாமல் சொல்ல மட்டும் செய்யுங்கள். மூன்றாம் வாரத்தில் ‘பிரிங் தி ஸ்மால் பால்’ என்பது போல நீளமாக்குங்கள். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை இது; தாய்மொழியையும் நம் பிள்ளைகள் முதலில் கேட்டு, கேட்டபடி செய்து, பிறகுதான் பேசுகிறார்கள் என்பதே இதன் அடிப்படை.

ஒவ்வொரு சொல்லுக்கும் உடனுக்குடன் தமிழ் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தமிழ் வரும் என்று தெரிந்தால் பிள்ளை ஆங்கிலத்தைக் காதில் வாங்காமல் தமிழுக்காகக் காத்திருக்கும். ஆனால் விளையாட்டின் விதியைத் தமிழிலேயே சொல்லுங்கள். அழுகிற பிள்ளையைத் தமிழிலேயே தேற்றுங்கள்.

சில பிள்ளைகள் வாரக்கணக்கில் பேச மாட்டார்கள். என்னிடம் வந்த நான்கு வயதுப் பெண்பிள்ளை ஏழு வாரம் உதட்டைப் பிரிக்கவில்லை. சொன்னதை மட்டும் தப்பாமல் செய்வாள். எட்டாவது வாரம் கடை விளையாட்டின்போது மட்டிப்பழச் சீப்பை நான் வேறொரு பையனிடம் நீட்டினேன். என் முந்தானையைப் பிடித்து இழுத்து, ‘கிவ் மீ டூ’ என்றாள். அவளை அதற்கு முன்பே எழுப்பி நிறுத்தி, ‘சொல்லு, சொல்லு’ என்று நெருக்கியிருந்தால் அந்த மூன்று சொற்கள் இன்னும் பல மாதம் தள்ளிப் போயிருக்கும்.

7. பாட்டு

கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ பாட்டை ஓடவிட்டால் பிள்ளைகள் பார்ப்பார்கள், பாட மாட்டார்கள். அந்தப் பாட்டுகள் பலவும் நம் பிள்ளைகளின் வாய்க்கு எட்டாத வேகத்தில் ஓடுகின்றன. நீங்களே பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை மறுபடி சொல்ல வேண்டும், எந்தப் பிள்ளை பின்தங்குகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும், ஒலிபெருக்கிக்குத் தெரியாது.

நமக்கு ஒரு வசதி உண்டு. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேங்காயைத் தூக்கிக் காட்டி, ‘திஸ் இஸ் எ கோகோனட்’ என்று மேளத்தில் தட்டிக்கொண்டு பாடுவேன்; பிள்ளைகள் ‘எஸ், எஸ், கோகோனட்’ என்பார்கள். அடுத்து ஏத்தங்காயைத் தூக்கிக்கொண்டு அதே ராகத்தில், ‘திஸ் இஸ் எ கோகோனட்’ என்பேன். பத்துப் பேரும் எழுந்து நின்று, ‘நோ, நோ, பனானா’ என்று கத்துவார்கள். இப்படி வேண்டுமென்றே செய்யும் தவறு, மிக அமைதியான பிள்ளையின் வாயையும் திறந்துவிடும். கடலோர ஊரென்றால், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் தாளத்தில் ‘புல், புல், புல் தி நெட்’ என்று கயிறு இழுத்துக்கொண்டே பாட வையுங்கள்.

ஒரு பாட்டில் புதுச் சொல் ஐந்தோ ஆறோ இருந்தால் போதும். அதே பாட்டை இரண்டு வாரம் வைத்திருங்கள். உங்களுக்குத்தான் சலிக்கும், அவர்களுக்குச் சலிக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கையசைவு இருக்கட்டும். ராகத்தோடு சேர்ந்துதான் அந்தச் சொல் வருகிறது, தனியாகக் கேட்டால் வரவில்லை என்றால் பிள்ளை இன்னும் அதைக் கற்கவில்லை என்று பொருள். எனவே, பாட்டில் வந்த சொல்லை அதே வாரம் ஒரு விளையாட்டில் பயன்படுத்தியாக வேண்டும்.

8. விளையாட்டு

புதிதாக எதையும் கற்பிக்க வேண்டாம். தெரிந்த விளையாட்டில் ஆங்கிலத்தைப் புகுத்துங்கள். தரையில் பாண்டிக் கட்டம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் மீன், வள்ளம், மரம், பூனை என்று படம் போடுங்கள். சில்லு விழுந்த படத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நொண்டியடிக்க வேண்டும். கூடைக்குள், பாயின் கீழ், சன்னல் மேல் என்று சிப்பியை ஒளித்துவைத்து, ‘இஸ் இட் அண்டர் தி மேட்?’ என்று கேட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடை விளையாட்டில் விற்பவரும் வாங்குபவரும் மாறிக்கொண்டே இருக்கட்டும்.

தோற்றவரை வெளியே உட்கார வைக்கும் விளையாட்டுகளைத் தவிருங்கள். முதலில் வெளியேறுகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி மிகுதியாகத் தேவை. வென்றவருக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தையும் தொடங்காதீர்கள். இரண்டாம் மாதம் மிட்டாய் இல்லாமல் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

9. உச்சரிப்பு

இதில் நேரம் செலவழியுங்கள். ஏழு வயதுக்குள் எளிதாகத் திருந்துவது பிறகு கடினம். நம் பிள்ளைகளுக்கு இடறும் இடங்கள் ஒருசில மட்டுமே. சொல்லின் முடிவில் உகரம் சேர்ப்பது ஒன்று: ‘புக்கு’, ‘கப்பு’ என்பார்கள். நான் சொல்லின் முடிவில் கையை மூடிக்காட்டுவேன். கை மூடியவுடன் வாயும் மூட வேண்டும். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் யகரம் வந்து ஒட்டிக்கொள்வது மற்றொன்று: முட்டையை ‘யெக்’ என்பார்கள். வாயை அகலத் திறந்து ‘எ’ என்று மட்டும் நீட்டச் சொல்லி, அதிலிருந்து ‘எக்’ என்று முடிக்கச் சொல்லுங்கள். ‘ஸ்கூல்’ என்பதற்கு முன் இகரம் சேர்க்கிறவர்களைப் பாம்பு சீறுவது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிவிட்டுப் பிறகு ‘கூல்’ சொல்ல வையுங்கள்.

தமிழ் எழுத்தில் ஒரே பகரம் இருப்பதால் பந்து என்னும் ‘பால்’, ஊற்றுதல் என்னும் ‘போர்’ இரண்டின் முதல் ஒலியும் ஒன்றாகிவிடும். தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து உதட்டுக்கு முன் பிடிக்கச் சொல்லுங்கள். ‘போர்’ என்று காற்றோடு சொன்னால் தாள் ஆடும்; ‘பால்’ என்றால் ஆடாது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே மணிக்கணக்கில் செய்வார்கள். ‘ஃபிஷ்’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்; விலங்குக் காட்சிசாலை என்னும் ‘ஸூ’ சொல்லும்போது தொண்டையில் கைவைத்தால் அதிர வேண்டும். தவறாகச் சொன்ன பிள்ளையிடம் ‘தப்பு’ என்று சொல்லாமல், சரியான ஒலியோடு அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடருங்கள்.

10. பெற்றோரும் எழுத்தும்

இரண்டாம் மாதம் கட்டாயம் யாராவது வருவார்கள். “டீச்சரே, பிள்ளை நோட்டுல ஒண்ணும் எழுதல்லியே, சும்மா ஆடிப் பாடிட்டு வருதே” என்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. பணம் கொடுக்கிறார்கள், பலன் கண்ணில் பட வேண்டும். அதனால் சேர்க்கும்போதே, முதல் நான்கு மாதம் எழுத்து இல்லை என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசி சனிக்கிழமை கால் மணி நேரம் பெற்றோரை உட்கார வைத்து, வழக்கமான வகுப்பையே நடத்திக் காட்டுங்கள். அதற்காக ஒத்திகை பார்க்காதீர்கள். ஆண்டு விழாவுக்கு ஒரே பாட்டை மூன்று மாதம் பழக்கும் வேலை நமக்கு வேண்டாம். பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய குறிப்பேட்டில், கேட்டால் புரிகிற சொற்கள், துணையோடு சொல்கிற சொற்கள், தானாகச் சொல்கிற சொற்கள் என்று மூன்று பத்தி போட்டு வாரந்தோறும் குறித்து வாருங்கள். கேட்க வரும் தாயிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.

ஐந்தாம் மாதம் எழுத்துக்குப் போகலாம், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். ஏ, பி, சி வரிசையில் தொடங்காதீர்கள். எஸ் (s), ஏ (a), டி (t), பி (p), ஐ (i), என் (n) ஆகிய ஆறு எழுத்துகளை, அவற்றின் பெயரால் அல்லாமல் ஒலியால் அறிமுகப்படுத்துங்கள். இந்த ஆறைக் கொண்டே ‘பின்’, ‘டின்’, ‘சிட்’, ‘டிப்’ என்று சொற்களைக் கூட்டிப் படித்துவிடலாம். அரசுப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளையென்றால், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் ஆகிய நிலைகளில் எதில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பருவத்து ஆங்கிலப் பாடநூலில் வரும் சொற்களையே உங்கள் பாட்டிலும் பாண்டிக் கட்டத்திலும் வையுங்கள். பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரத்திலேயே இறக்கிவைத்துக்கொண்டால், பள்ளியில் அந்தச் சொல் வரும் நாளுக்கு முன்பே பிள்ளையின் காதில் அது விழுந்திருக்கும்.